ஆச்சியிடம் தோற்ற சோதனை: ஊரடங்கில் ஓர் உளவியல் வகுப்பு

2021 ஏப்ரல் முடிந்தபோது எங்கள் மாணவர்களின் டேட்டா கார்டும் முடிந்தது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி வீதம் தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த கார்டு அது. கொடுத்த வேளைதான் வேடிக்கை. கார்டு கைக்கு வந்த கொஞ்ச நாளில், பிப்ரவரி 8-ஆம் தேதி, எல்லா ஆண்டு மாணவர்களுக்கும் கல்லூரி திறந்துவிட்டது. பிள்ளைகள் அதில் பாட்டுக் கேட்டார்கள், படம் பார்த்தார்கள். நான் குறை சொல்ல மாட்டேன்; ஓராண்டாக வீட்டில் அடைந்து கிடந்தவர்கள். மார்ச் கடைசி வாரத்தில் மறுபடியும் வகுப்புகள் ஆன்லைனுக்குப் போயின. மே 10-ஆம் தேதி முழு ஊரடங்கு வந்தபோது கார்டு இல்லை, பஸ் இல்லை, பல வீடுகளில் வருமானமும் இல்லை. செமஸ்டர் மட்டும் இருந்தது.

பாளையங்கோட்டையை ஒட்டிய ஒரு சுயநிதிக் கல்லூரியில் உளவியல் கற்பிக்கிறேன். அப்போது இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. வகுப்புக்கு நான்தான் பொறுப்பாசிரியை. வகுப்பில் 34 பேர். பெண்கள் 27, ஆண்கள் 7. துறையில் நாங்கள் மூன்று ஆசிரியர்கள். அந்த மாதங்களில் மூவருக்கும் பாதிச் சம்பளம். மாணவர்களை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதால் ஊர்களையும் உறவுமுறைகளையும் இடம் மாற்றி வைத்திருக்கிறேன். ஒருத்தியைத் தவிர மற்றவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அந்த ஒருத்தியைப் பற்றி அதிகம் எழுதவில்லை.

நான்காம் செமஸ்டரில் இரண்டு தாள்கள் கனமானவை. ஒன்று பிறழ்நிலை உளவியல்: மனச்சோர்வு, பதற்றநோய், மனச்சிதைவு எல்லாம் அதில்தான் வருகின்றன. மற்றொன்று சோதனை உளவியல் செய்முறை. கண்ணாடியில் தெரிவதைப் பார்த்துக்கொண்டே நட்சத்திரம் வரைவது, முல்லர்-லையர் பலகையில் கோட்டின் நீளத்தை மதிப்பிடுவது, பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்வது என்று பத்துச் சோதனைகள். கருவிகள் ஆய்வுக்கூட அலமாரியில், அலமாரிச் சாவி அலுவலகத்தில், அலுவலகம் பூட்டில். கருவி கிடைத்தாலும் போதாது. உளவியல் சோதனைக்கு எதிரே இன்னொரு மனிதர் உட்கார வேண்டும். வகுப்பில் என்றால் பக்கத்து பெஞ்சுத் தோழி போதும்.

முதல் பிழை

உளவியல் துறை என்றால் மாணவரின் மனத்தைக் கவனிக்க வேண்டாமா? மற்ற துறைகளுக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டாமா? இப்படி ஒரு பெருமை எங்களுக்கு இருந்தது. வெள்ளிக்கிழமை மாலைதோறும் கூகுள் மீட்டில் ஒரு பகிர்வுக் கூட்டம் வைத்தேன். முதல் வாரம் 19 பேர் வந்தார்கள். கேமராவைத் திறந்து வைக்கச் சொன்னேன். முகம் பார்த்துப் பேசினால் நெருக்கம் வரும் என்று நம்பினேன். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். "நன்றாக இருக்கிறோம் மேடம்" என்று 19 பேரும் சொன்னார்கள். பிறகு ஒருத்தி மட்டும், வேலை நின்றதிலிருந்து அப்பா வீட்டில் நடந்துகொள்ளும் விதத்தைச் சொல்லத் தொடங்கினாள். இரண்டு வாக்கியம் ஆகியிருக்கும். அவள் முதுகுக்குப் பின்னால் அப்பாவே தண்ணீர் எடுக்க வந்தார். திரை கறுத்தது. அதற்குப் பின் இரண்டு வாரம் அவள் எந்த வகுப்புக்கும் வரவில்லை.

இதில் பிழை முழுக்க என்னுடையது. ஆலோசனைக்கு வருகிறவரின் பேச்சு வெளியே போகக் கூடாது என்பதை முதலாண்டிலேயே பாடமாக நடத்துகிறவள் நான். அதே நான், ஒற்றை அறை வீட்டின் நடுவில் உட்கார்ந்திருந்த பெண்ணை மனம் திறக்கச் சொன்னேன். மதிப்பெண் போடும் கையும் என்னுடையதுதான். அவள் ஏன் என்னிடம் உண்மை பேச வேண்டும்? கூட்டத்தை மூன்றாம் வாரமே நிறுத்தினேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த மாதங்களில் மன அழுத்தம் பற்றிய இணையவழிக் கருத்தரங்குகள் ஐப்பசி மழைபோலக் கொட்டின. ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மின்சான்றிதழ். என் மாணவி ஒருத்தியிடம் மன அழுத்த மேலாண்மைச் சான்றிதழ் மட்டும் 14 இருந்தது. இரவில் தூக்கமே வருவதில்லை என்று சொன்னவளும் அவள்தான்.

நான்கு கேள்விகள்

அடுத்த நான்கு நாட்களில் 34 பேருக்கும் போன் செய்தேன். எப்படி இருக்கிறாய் என்று ஒருவரையும் கேட்கவில்லை. போன் யாருடையது, அது எந்த நேரத்தில் உன் கைக்கு வரும், சிக்னல் எங்கே கிடைக்கிறது, வீட்டில் உனக்கு என்ன வேலை. இவ்வளவுதான் கேள்விகள்.

சொந்தப் போன் வைத்திருந்தவர்கள் 21 பேர். மற்றவர்களின் வீட்டில் போன் அப்பாவோடு வெளியே போய்விட்டு இருட்டிய பிறகு திரும்பும். திரும்பியதும் தம்பியின் பத்தாம் வகுப்புக்கு முதல் உரிமை. மாஞ்சோலைப் பக்கத்துத் தேயிலைக் குடியிருப்பிலிருந்து வருகிறவளுக்கு வீட்டில் சிக்னல் கிடையாது. ஒரு கொண்டை ஊசி வளைவுவரை நடந்து வந்தால் இரண்டு கோடு தெரியும், மழை வந்தால் அதுவும் போய்விடும். முக்கூடல் மாணவி அம்மாவோடு பீடி சுற்றுகிறாள். காலை பத்திலிருந்து மாலை வரை மடியில் சுளகு. திசையன்விளைக்கு அந்தப் பக்கத்து மாணவிக்குப் பதநீர்க் காலம்: அப்பா பனை ஏறி இறக்கிக் கொண்டுவருவதை விடிலியில் அம்மாவும் இவளும் காய்ச்சுகிறார்கள், நடுப்பகல்வரை அடுப்பை விட்டு நகர முடியாது. ஒரு பையன் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் இரவு லாரிக்கு மூட்டை ஏற்றுகிறான். எங்கள் முதல் வகுப்பு தொடங்கும்போதுதான் அவன் படுக்கிறான்.

காலை 9 முதல் 1 வரை என்று நாங்கள் போட்டிருந்த அட்டவணை இவர்களில் ஒருவருக்கும் பொருந்தவில்லை. வருகைப்பதிவில் இவர்களை இல்லாதவர்கள் என்றுதான் குறித்திருந்தோம்.

பஸ் தடம்

குழுவாகப் பிரிக்கலாம் என்று முடிவு செய்து, வழக்கம்போல வரிசை எண்படி ஐந்தைந்து பேராகப் பிரித்தேன். களக்காட்டு மாணவி போனில் கேட்டாள்: "மேடம், என் எண்ணுக்கு அடுத்தவள் ஏரல். நோட்டு வேண்டுமென்றால் நான் எப்படிப் போய் வாங்குவேன்? என்னோடு நாங்குநேரி பஸ்ஸில் வருகிறவளைப் போடுங்கள்." அகரவரிசையில் மனிதர்களை அடுக்கிப் பழகிவிட்ட எனக்கு இது தோன்றவே இல்லை.

அப்படித்தான் பஸ் தடம் வாரியாக ஏழு குழுக்கள் ஆயின. பாபநாசம், அம்பாசமுத்திரம் ஒன்று. முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம் ஒன்று. களக்காடு, நாங்குநேரி ஒன்று. வள்ளியூர், ராதாபுரம், திசையன்விளை ஒன்று. ஸ்ரீவைகுண்டம், ஏரல் ஒன்று. மானூர், கயத்தாறு ஒன்று. டவுன், மேலப்பாளையம், பேட்டை சேர்ந்து ஒன்று. ஆறு குழுவில் ஐந்து பேர், ஒன்றில் நால்வர். ஒரே பஸ்ஸில் மாதக்கணக்கில் நின்றுகொண்டே வந்தவர்களுக்கு யார் வீடு எந்தத் தெரு, யாருடைய அம்மா கோபக்காரி என்பதெல்லாம் தெரியும். வகுப்பறையில் இவர்கள் ஒன்றாக உட்கார்ந்ததுகூட இல்லை.

ஐந்து என்ற எண்ணுக்கு ஒரு காரணம் உண்டு. சாதாரணப் போனில் கான்ஃபரன்ஸ் போட்டால் ஒரே நேரத்தில் ஐந்து பேரைச் சேர்க்கலாம். டேட்டா வேண்டாம், பட்டன் போனும் போதும். வாரத்தில் இரண்டு நாள், அந்தந்தத் தடத்துக்கு ஒத்துவரும் நேரத்தில், கால் மணி நேர அழைப்பு. பனங்காட்டுத் தடத்துக்குப் பிற்பகல் 3 மணி, பீடித் தடத்துக்கு இரவு 8. பாடத்தை எட்டு நிமிட ஒலிப்பதிவாக வாட்ஸாப்பில் முன்பே அனுப்பிவிடுவேன். அழைப்பில் பாடம் நடத்துவதில்லை, கேள்வி மட்டும்தான்: நேற்று கேட்டதில் நினைவிருப்பதைச் சொல்.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு எங்கள் பாடத்திலேயே இருக்கிறது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். படித்ததைப் பார்க்காமல் நினைவுகூர்ந்து பழகியவர்கள் ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். எத்தனையோ ஆண்டுகளாக இதைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். பாடம் நடத்தும் முறையாகக் கைக்கொண்டது அப்போதுதான்.

புள்ளியியல் தாளுக்கு இந்த முறை சுத்தமாக உதவவில்லை. திட்டவிலக்கத்தைக் காதால் கற்க முடியாது. அந்தத் தாளில் பிள்ளைகள் தடுமாறினார்கள். அதற்கு நாங்கள் வழி எதுவும் கண்டுபிடிக்கவில்லை.

வீட்டுக்குள் ஆய்வுக்கூடம்

செய்முறையை வீடியோ பார்த்து எழுதிக்கொள்ளச் சொல்லிவிடலாம் என்று துறையில் ஒரு பேச்சு இருந்தது. பல இடங்களில் அதுதான் நடந்தது. எனக்கு மனம் ஒப்பவில்லை. செய்யாத சோதனைக்கு எண்களை இட்டுக்கட்டி எழுதப் பழகிய பிள்ளை நாளைக்கு நோயாளியின் கோப்பிலும் இட்டுக்கட்டும்.

முல்லர்-லையர் பலகையை மாணவர்கள் பழைய கல்யாணப் பத்திரிகைகளில் செய்தார்கள். உறைக்குள் அட்டையை நுழைத்து இழுத்தால் கோடு நீளும், குறையும்; அளவுகோலை ஓரத்தில் ஒட்டிவிட்டால் முடிந்தது. கண்ணாடி வரைதலுக்குச் சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடி, கையை மறைக்க நிமிர்த்தி வைத்த சாப்பாட்டுத் தட்டு. திசையன்விளைப் பெண் எடை வேறுபாட்டுச் சோதனையை இரண்டு டப்பாக்களில் கருப்பட்டி நிரப்பிச் செய்தாள். எத்தனை கிராம் கூடினால் கைக்குத் தெரிகிறது என்பதில் தினமும் கருப்பட்டி நிறுக்கும் அவள் அம்மா எங்கள் எல்லோரையும் தோற்கடித்தார்.

ஸ்ட்ரூப் சோதனைதான் இந்தச் செய்முறையின் முதுகெலும்பு. 1935-இல் ரிட்லி ஸ்ட்ரூப் செய்தது. வண்ணக் கட்டங்கள் நூறின் நிறத்தைச் சொல்ல அவருடைய மாணவர்களுக்குச் சராசரியாக 63 விநாடி ஆனது. சிவப்பு என்ற சொல்லைப் பச்சை மையில், நீலம் என்ற சொல்லைச் சிவப்பு மையில் என்று மாற்றி அச்சடித்து மையின் நிறத்தைச் சொல்லச் சொன்னபோது 110 விநாடி ஆனது. சொல்லைப் படிக்காமல் இருக்க நம்மால் முடிவதில்லை. வாய் முந்திக்கொண்டு சொல்லைச் சொல்லப் போகிறது, அதை அடக்க நேரம் பிடிக்கிறது. ஸ்கெட்ச் பேனா நான்கும் ஒரு தாளும் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். தமிழில் எழுதிக்கொள்ளுங்கள், 40 சொல் போதும் என்றேன்.

களக்காட்டு மாணவி இரவு ஒன்பது மணிக்கு அழைத்தாள். குரல் கம்மியிருந்தது. "சோதனை வரவில்லை மேடம். மூன்று தடவை செய்துவிட்டேன்." வீட்டில் அன்று ஆச்சியைத் தவிர யாரும் ஓய்வாக இல்லை, ஆச்சியையே உட்கார்த்தி வைத்திருக்கிறாள். வண்ணக் கட்டங்களுக்கு 52 விநாடி. மாற்றி எழுதிய சொற்களுக்கு 53. மூன்று தடவையும் ஏறக்குறைய அதே கணக்கு. புத்தகத்தில் போட்டிருப்பது வரவில்லையே, எண்ணை மாற்றி எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்கத்தான் அழைத்திருக்கிறாள்.

"ஆச்சிக்குப் படிக்கத் தெரியுமா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, "இல்லை மேடம், கைநாட்டுதான்" என்றவள், அந்த வாக்கியம் முடிவதற்குள்ளேயே, "ஐயோ" என்றாள்.

படிக்கத் தெரியாதவருக்கு அந்தத் தாளில் சொல்லே இல்லை. நிறம் பூசிய கோடுகள்தான் இருக்கின்றன. அடக்க வேண்டிய பழக்கம் எதுவும் அவரிடம் இல்லை. எழுத்தறிவு கண்ணுக்கு என்ன செய்துவிடுகிறது என்பதை, எழுத்தறியாத ஓர் ஆச்சி எங்கள் வகுப்புக்குக் காட்டிவிட்டார். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இது ஒருநாளும் நடந்திருக்காது. அங்கே வருகிற எல்லோருக்கும் படிக்கத் தெரியும்.

இன்னொன்றும் இருந்தது. நீல நிறம் வந்த இடமெல்லாம் ஆச்சி ஊதா என்றே சொல்லியிருந்தார். மாணவி அத்தனையையும் பிழை என்று குறித்திருந்தாள். நம் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கு நீலமும் ஊதாதான். பிழை யாருடையது என்று அடுத்த அழைப்பில் அந்தத் தடத்தின் ஐந்து பேரும் கால் மணி நேரத்தைத் தாண்டிச் சண்டை போட்டார்கள். நான் இடையில் புகவில்லை.

அந்த வாரமே சோதனையை மாற்றினேன். ஒவ்வொருவரும் வீட்டிலோ தெருவிலோ படிக்கத் தெரியாத ஒருவரையும், தட்டுத்தடுமாறிப் படிக்கும் ஒருவரையும், சரளமாகப் படிக்கும் ஒருவரையும் தேடிப் பிடிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்கள் ஒன்பது பேர் கிடைத்தார்கள், அதில் எட்டுப் பேர் பெண்கள். மேலப்பாளையத்து மாணவன் ஒருவனின் தம்பி ஆங்கிலவழிப் பள்ளிக்காரன். தமிழ்த் தாளில் அவனுக்குத் தடுமாற்றம் குறைவு, ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்ததும் திணறினான். எந்த மொழி ஒருவருக்குள் தானாகவே ஓடுகிறது என்பதை இப்படியும் அளக்கலாம் என்று அந்தப் பையனே ரெக்கார்டு நோட்டில் எழுதியிருந்தான்.

பீடித் தடத்திலிருந்து வந்த ஒரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். முக்கூடல் மாணவி வேலை வளைவு சோதனைக்காக, கால் மணி நேரத்துக்கு அம்மா எத்தனை பீடி சுற்றுகிறார், சோர்வு எப்போது தொடங்குகிறது என்று எண்ண நினைத்தாள். பங்கேற்பவரின் சம்மதத்தை முதலில் கேட்க வேண்டும் என்பது பாடம், கேட்டாள். "இந்தக் கணக்கு பீடிக் கடைக்குப் போகுமா?" என்று அம்மா கேட்டிருக்கிறார். போகாது என்று மகள் சொல்லியும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பங்கேற்பவர் மறுத்துவிட்டார், அவர் சொன்ன காரணம் சரியானது என்று இரண்டு வரி எழுதி, கீழே பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தாள். அந்தச் சோதனைக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன்.

நீதானே மனத்தைப் பற்றிப் படிக்கிறாய்

மற்ற துறை மாணவர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் உளவியல் மாணவர்களுக்கு உண்டு. நோயின் பெயர்களை அவர்கள் கற்கும் நேரத்தில் வீடே நோய்க்குறிகளோடு இருந்தது. மனச்சோர்வுக்கு டிஎஸ்எம்-5 என்ற மனநோய்க் கையேடு தரும் ஒன்பது குறிகளில் ஐந்து, இரண்டு வாரம் இருந்தால், என்று ஒலிப்பதிவில் நான் சொன்ன மறுநாள் எட்டுப் பேர் தனித்தனியாக அழைத்தார்கள். தூக்கமில்லை, பசியில்லை, எதிலும் நாட்டமில்லை. மே 2021-இல் மாநிலத்தில் ஒரே நாளில் 36,000-க்கும் மேல் தொற்று பதிவானது; திருநெல்வேலியில் இந்த மூன்றும் இல்லாத வீடு எது?

அதெல்லாம் ஒன்றுமில்லை என்று தள்ளிவிடவும் முடியாது. 14 நாளுக்கு ஒரு சின்னக் குறிப்பு எழுதச் சொன்னேன்: தூங்கிய நேரம், சாப்பிட்டது, முடித்த ஒரு வேலை. ஆறு பேருக்கு இரண்டாம் வாரத்திலேயே வரிகள் மாறத் தொடங்கின. இரண்டு பேருக்கு மாறவில்லை. பாட வரிசையையும் மாற்றினேன். இழப்பும் துக்கமும் இயல்பாக எப்படி நகரும் என்பதை முதலில் நடத்தினேன். மனச்சோர்வு அதற்குப் பிறகு.

அந்த இருவரில் ஒருத்தி ஒரு நாள் இரவு 11.40-க்கு, "இனி வகுப்புக்கு வர மாட்டேன் மேடம், எல்லாவற்றுக்கும் நன்றி" என்று செய்தி அனுப்பியிருந்தாள். நான் பார்த்தது விடியற்காலை ஐந்தரைக்கு. உடனே அழைத்தேன். பக்கத்தில் ஆள் இருக்கிறார்களா என்று தெரியாததால், நான் கேட்பதற்கு ஆமாம், இல்லை என்று மட்டும் சொல் என்றேன். செத்துப்போக வேண்டும் என்று நினைக்கிறாயா என்று நேராகவே கேட்டேன். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே தூண்டிவிடுவோம் என்ற பயம் பலருக்கு உண்டு. அது தவறான பயம். கேட்பது ஆபத்தைக் கூட்டுவதில்லை. அவள் ஆமாம் என்றாள். போனை அம்மாவிடம் கொடுக்கச் சம்மதமா என்று கேட்டேன். அதற்கும் ஆமாம். அன்று பகல் முழுவதும் அவளைத் தனியாக விடாமல் பார்த்துக்கொள்ள அம்மாவிடம் சொல்லி, 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணில் பேசி, மறுநாளே மனநல மருத்துவர் பார்க்க ஏற்பாடானது. இப்போது என்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைச் சொல்வேன். 2022 அக்டோபரில் அது வந்தது. அவளுக்கு வைத்தியம் மருத்துவருடையது. நான் ஆசிரியையாக மட்டும் இருந்தேன்: வாரம் இரண்டு அழைப்பு, ஐந்து கேள்வி, மற்றவர்களைப்போலவே.

இன்னொரு வகைச் சுமையை நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை. மகள் மனத்தைப் பற்றிப் படிக்கிறாள் என்று தெரிந்த தெரு, தன் துக்கத்தையெல்லாம் அவள் வாசலில் கொண்டுவந்து வைத்தது. பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் மதினிமார் மாமியார் கொடுமையைச் சொல்லி வழி கேட்டார்கள். வள்ளியூர்த் தடத்து மாணவி ஒருத்தியின் சித்தப்பா பல ஆண்டுக் குடிகாரர். ஊரடங்கில் டாஸ்மாக் மூடிய மூன்றாம் நாள், கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கையால் தட்டுகிறார். "நீதானே படிக்கிறாய், நாலு வார்த்தை பேசு" என்று வீட்டார் இவளை அவர் முன்னால் உட்கார்த்திவிட்டார்கள். இவள் குளியலறைக்குள் போய் என்னை அழைத்தாள்.

நீண்ட காலம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அதற்கடுத்த நாட்களில் புத்தி குழம்பி இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம். இது உயிருக்கு ஆபத்தான நிலை, பேச்சால் தீராது, ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். 108-ஐ அழைக்கச் சொன்னேன். அவர் பிழைத்தார்.

அந்த வாரம் ஏழு தடத்துக்கும் ஒரு வாக்கியத்தை எழுதிக் கொடுத்து, கண்ணாடி முன் நின்று சொல்லிப் பழகச் சொன்னேன்: "நான் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன் அத்தை, வைத்தியம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, யாரிடம் போகலாம் என்று மட்டும் சொல்கிறேன்." பெரியவர்களிடம் இல்லை என்று சொல்வது நம் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கு எளிதல்ல. அழைப்பில் நான் அத்தையாக நடித்தேன். வெகுவாக அழுதும் கெஞ்சியும் பார்த்தேன். சிரித்தார்கள், ஆனால் கற்றுக்கொண்டார்கள்.

துட்டி

மே, ஜூன் மாதங்களில் நான்கு மாணவர்களின் வீட்டில் சாவு. முதல் சாவின்போது வகுப்பு வாட்ஸாப் குழுவில் இரங்கல் எழுதினேன். கீழே கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. அதற்குக் கீழே, நான் முதல் நாளே அனுப்பக் குறித்து வைத்திருந்த ஒப்படைப்புக் கடைசித் தேதி அறிவிப்பு. தந்தையை இழந்த பையனும் அந்தக் குழுவில் இருந்தான்.

துட்டி கேட்பதற்கு நம் ஊரில் ஒரு முறை இருக்கிறது. போய் உட்கார வேண்டும், பேச்சு முக்கியமில்லை. போக முடியாத காலத்தில் என்ன செய்வது? அடுத்த சாவிலிருந்து குழுவில் யாரும் எதுவும் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டேன். முதல் நாள் நான் மட்டும் அழைப்பேன். தடத்துத் தோழர்கள் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை, இன்றைக்கு ஒருவர், இரண்டு மூன்று நாள் விட்டு இன்னொருவர் என்று முறை வைத்து அழைப்பார்கள். முதல் நாள் நூறு போன் வந்து, நான்காம் நாள் வீடு அப்படியே அமைதியாகிவிடுவதுதான் தாங்க முடியாதது என்று அந்தப் பையன் பிறகு சொன்னான். ஒப்படைப்புத் தேதியை அவர்கள் கேட்காமலே தள்ளிவைத்தோம். துக்க வீட்டுப் பிள்ளையை அவகாசம் கேட்டு விண்ணப்பம் எழுத வைப்பது அற்பத்தனம்.

கணக்கு

தேர்வு வீட்டிலிருந்தே நடந்தது. ஏ4 தாளில் எழுதி, படமெடுத்துப் பதிவேற்றி, விடைத்தாளைத் தபாலில் அனுப்ப வேண்டும். 34 பேரில் 31 பேர் எழுதினார்கள். சந்தைப் பையன் அந்தத் தேர்வை விட்டுவிட்டு அடுத்த ஆண்டு எழுதித் தேறினான். ஒருத்தி படிப்பை நிறுத்தினாள். இன்னொருத்திக்கு ஜூனில் இருபது பேரை வைத்துக் கல்யாணம் முடிந்தது. அதன் பிறகு அந்த எண் வேலை செய்யவில்லை. அவளுடைய தடத்துத் தோழிகள் எனக்கு முன்பே தெரிந்து வைத்திருந்தார்கள், என்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மதிப்பெண்களை நான் சான்றாகக் காட்டப் போவதில்லை. அந்த ஆண்டு தாராளமாகத்தான் திருத்தினார்கள். என்னிடம் இருப்பது ரெக்கார்டு நோட்டுகள். பஸ் ஓடத் தொடங்கிய பிறகு ஜூலையில் தடத்துக்கு ஒருவர் எல்லா நோட்டையும் சேகரித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒன்றில் பீடித்தூள் வாடை, ஒன்றில் கருப்பட்டிப் பிசுக்கு. முந்தைய ஆண்டுகளின் நோட்டுகளில் எல்லா எண்களும் புத்தகத்தோடு ஒத்துப்போகும். இவற்றில் ஒத்துப்போகவில்லை. ஏன் ஒத்துப்போகவில்லை என்று ஒவ்வொருவரும் அரைப் பக்கமாவது எழுதியிருந்தார்கள்.

கல்லூரி திறந்த பிறகும் பஸ் தடக் குழுக்களை நாங்கள் கலைக்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் புதிய வகுப்பை அப்படித்தான் பிரிக்கிறோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தாமிரபரணி கரை மீறியபோது என் போன் பட்டியலால் ஒரு பயனும் இல்லை. மின்சாரம் இல்லை, டவர்கள் விழுந்துவிட்டன, ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு நின்றுகொண்டிருந்தது, ஏரல் பக்கம் சாலைகள் அறுந்து கிடந்தன. ஆனால் அந்தத் தடத்தில் ஒருத்திக்கு மற்றவள் வீடு தெரியும். தண்ணீர் வடிய வடிய ஒவ்வொருத்தியாகத் தேடிப் போனார்கள். நான்கு பேரைப் பற்றி மூன்றாம் நாளுக்குள் தெரிந்துவிட்டது. ஐந்தாமவளிடமிருந்து செய்தி 21-ஆம் தேதி, பால் கொண்டுபோன ஒருவர் வழியாக, கைமாறிக் கைமாறி வந்தது: வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர், எல்லோரும் மாடியில் பத்திரம், ரெக்கார்டு நோட்டு நனைந்துவிட்டது, மறுபடி எழுத வேண்டுமா என்று மேடத்திடம் கேட்டுச் சொல்லவும்.